ஒன்பது ஓட்டைகள்

கம்பி சார் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது, கழுத்தில் அட்டையாகத் தொங்கவும் செய்தது. ஆனால் அதை யார் குனிந்து படித்தார்கள்? ஆளுயர இரும்புக் கம்பி ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார், அதனால் கம்பி சார். மூடிப்போட்ட சாம்பல் மேடுகளைச் சோதனை பண்ணுகிற உத்தியோகம். மகா கறார். செருப்பு நுனியால் புல்லை விலக்கி விலக்கிப் பார்ப்பார், "இது என்ன? அது ஏன்?" என்று கேட்டே எதிரில் நிற்கிறவரைப் பாதி ஆளாக்கிவிடுவார். தன் கண்ணுக்குத் தப்பி ஒரு மேட்டில் எறும்புகூடப் புற்று வைக்க முடியாது என்பார். அவரேதான் சொல்லிக்கொள்வார், வேறு யாரும் சொன்னதில்லை.

இந்த மேடு மெக்கானிக்குடையது. தெருவைப் பார்த்து ஒர்க் ஷாப், அதை ஒட்டி இரண்டு அறை வீடு, வீட்டுக்குப் பின்னால் மேடு. மெக்கானிக்கின் அப்பா காலத்தில் அது பெரிய பள்ளம். மின் நிலையத்துக்காரர்கள் வந்து, "நாங்களே நிரப்பித் தர்றோம், நீங்க ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட வேண்டாம்" என்றார்கள். அவரும் ஆகா என்று கையெழுத்துப் போட்டார். நிலக்கரி எரித்த சாம்பலை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டி, மேலே இரண்டடிக்குக் களிமண்ணும் மண்ணும் போட்டு, புல் விதைத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சாம்பலில் தண்ணீர் இறங்கக் கூடாது, இறங்கினால் அதிலிருக்கிற கெட்டதெல்லாம் கரைந்து வெளியே வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அது பேருக்குத்தான் சொந்த நிலம். தோண்டக் கூடாது, மரம் நடக் கூடாது, லாரி நிறுத்தக் கூடாது.

மெக்கானிக் இதையெல்லாம் ஒழுங்காகக் கேட்டு நடக்கிற மனுஷன். நாற்பத்தைந்து வயசு, கிரீஸ் ஏறிய கை, வாயைத் திறந்தால் "பரவாயில்ல சார்." கம்பி சார் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் பரவாயில்ல சார். சேற்றுக் காலோடு வீட்டுக்குள் நுழைந்தாலும் பரவாயில்ல சார். அந்த வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ, இவருக்காகவே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஆளைத்தான் ஆறு மாசத்துக்கு முன்னால் கம்பி சார் நடுத்தெருவில் நிற்க வைத்தார்.

நடந்தது இதுதான். மேட்டின் சரிவு முடிகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஈரம் கசிந்து, பக்கத்து வீட்டுச் சுவருக்கு அடியில் புகுந்து, டீச்சரம்மாவின் துணி துவைக்கிற கல்லைச் சுற்றித் தேங்கிவிட்டது. டீச்சரம்மா ஓய்வு பெற்றவர், ஆனால் குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. கம்பி சாரின் ஆபீசுக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தார். கம்பி சார் வந்தார், சரிவோரமாக ஓர் எலுமிச்சை மரம் நிற்பதைப் பார்த்தார், முகம் பளிச்சென்றாகிவிட்டது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி ஒரு சந்தோஷம். நேரே தெருவுக்கு வந்து, பத்துப் பேர் கூடியிருந்த இடத்தில், "வேர் போய் மேட்டைப் பொளந்திருக்கு. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டியாய்யா நீ?" என்று சத்தம் போட்டார். அதுவரைக்கும் 'நீங்க' என்று கூப்பிட்ட ஆளை ஒரே நிமிஷத்தில் 'நீ' ஆக்கினார்.

மெக்கானிக் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "தப்புதான் சார். மன்னிச்சுக்குங்க" என்றார். அன்று சாயங்காலமே தன் கையாலேயே மரத்தை வெட்டிப் போட்டார்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. டீச்சரம்மா பேச்சை நிறுத்தினார். எதிர்வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் போகக் கூடாது என்றார்கள். 'மெக்கானிக்' என்ற பேர் போய் 'சாம்பல்காரன்' ஆனது. கம்பி சார் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறிக்கையில் 'காரணம்: நில உரிமையாளரின் கவனக்குறைவு' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மேட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது மறுபடி வந்திருக்கிறார். மூன்று நாள் மழை விட்டு வெயில் அடித்த காலை, மணி பத்து. பதினொரு மணிக்குத் தெருக்காரர்கள் ஒர்க் ஷாப் வாசலில் கூடப்போகிறார்கள், கம்பி சார் அங்கேயே முடிவைச் சொல்ல வேண்டும். கசிவு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. நிற்கவில்லை, அதற்கும் உரிமையாளர்தான் காரணம் என்று இரண்டாம் தடவையும் எழுதினால், வீட்டைக் காலி பண்ணச் சொல்லிப் பூட்டிவிடுவார்கள். அதுதான் சட்டம். அது மெக்கானிக்குக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தம்மா தெருவுக்கே தைத்துக் கொடுத்தவர், ஆறு மாசமாகத் தன் வீட்டுத் துணியைத்தான் தைக்கிறார்.

"வாங்க சார், வழுக்கும், பாத்து" என்று மெக்கானிக் முன்னால் நடந்தார். வழி நெடுகச் சாக்கு விரித்திருந்தார்.

சரிவின் அடியில் கம்பி சார் நின்றார். ஈரம் நிற்கவில்லை. போன தடவை ஒரு பாய் அகலம் இருந்தது, இப்போது ஓர் அறை அகலம். அதற்கு அப்பால் வெட்டிய எலுமிச்சையின் அடிக்கட்டை மட்டும் நின்றது.

"மரத்தை எடுத்தாச்சே சார்" என்று மெக்கானிக் மெதுவாகக் கேட்டார், ஏதோ தான்தான் கணக்கில் தப்புப் பண்ணின மாதிரி. "வேரையும் தோண்டி எடுத்திருக்கணுமோ?"

"பாப்போம், பாப்போம்" என்றார் கம்பி சார்.

மேட்டின் மேல் ஒன்பது வெள்ளைக் குச்சிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு விரல் பருமனுக்கு ஓட்டை. மூடுமண் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அந்த ஒன்பது இடத்திலும் கம்பியை இறக்க வேண்டும். மண் கெட்டி, சாம்பல் மெத்து. கம்பி கெட்டியைத் தாண்டி மெத்தில் விழும்போது கைக்குத் தெரியும், அங்கே நிறுத்தி அளவைப் படிக்க வேண்டும். முதல் குச்சியில் இறக்கினார். ரெண்டடி. எழுதிக்கொண்டார். இரண்டாவது, ரெண்டடி. மூன்றாவதும் அப்படியே. பதினோரு வருஷமாக அதே ரெண்டடிதான்.

நாலாவதில் கம்பியை வைத்தார். அமுக்கவே இல்லை. அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு, களக்கென்று தண்ணீர் சத்தத்தோடு கீழே போய், கைப்பிடிவரைக்கும் இறங்கிவிட்டது. இழுத்தால் நுனியிலிருந்து பாதிக் கம்பிவரை சாம்பல் கூழ்.

கம்பி சார் குனிந்து ஓட்டைக்குள் பார்த்தார்.

"மெக்கானிக், ஒரு வாளி தண்ணி கிடைக்குமா?"

மெக்கானிக் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். "கை கழுவவா சார்? சோப்பு எடுத்துட்டு வரவா?"

"எடுத்துட்டு வாங்க" என்றார், ஆளை அனுப்ப. அவர் தலை மறைந்ததும் வாளியை நாலாவது ஓட்டையில் சாய்த்தார். ஒரு சொட்டு மேலே நிற்கவில்லை, தாகமெடுத்தவன் மாதிரி ஓட்டை முழு வாளியையும் குடித்துவிட்டது. சரிவோரம் போய் எட்டிப் பார்த்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, கீழே ஈரத்தின் நடுவில் சாம்பல் தண்ணீர் ஊறிப் பொங்கியது.

இதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. கம்பி இறக்குகிற ஒவ்வொரு தடவையும் புது இடத்தில் இறக்க வேண்டும், இறக்கிய ஓட்டையை ஈரக் களிமண் வைத்து இடித்து அடைக்க வேண்டும். இதுதான் இந்த உத்தியோகத்தின் அரிச்சுவடி. புதுசாகச் சேருகிறவர்களுக்கு வருஷா வருஷம் வகுப்பு எடுப்பதே இவர்தான். "ஓட்டை போட்ட கைதான் ஓட்டையை அடைக்கணும்" என்று பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு வேறு போடுவார். ஆனால் களிமண் வாளி கனம். முதல் வருஷம் தூக்கினார், இரண்டாம் வருஷம் வண்டியிலேயே விட்டார், மூன்றாம் வருஷம் வண்டியிலும் இல்லை. புது இடத்தில் குத்தினால் தோள் வலிக்கிறது, பழைய ஓட்டை என்றால் அல்வா மாதிரி இறங்குகிறது. அதனால் குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொண்டார்.

அவர் பார்வையில் இருக்கிற மற்ற இருபத்தேழு மேடுகளிலும் இதே கதைதான். அங்கெல்லாம் ஏன் கசியவில்லை என்று யோசித்தார். யோசித்திருக்க வேண்டாம். அங்கே ஆறு மாசத்தில் மண் சரிந்து, புல் முளைத்து, ஓட்டை தன்னால் அடைபட்டுப் போகும். இங்கே ஓட்டை ஒவ்வொன்றும் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. பக்கத்தில் ஒரு புல்கூட இல்லை.

மெக்கானிக் சோப்போடு வந்தார்.

"இந்த ஓட்டையெல்லாம்..." கம்பி சார் கம்பி நுனியால் காட்டினார். "யாரு சுத்தம் பண்றது?"

"நான்தான் சார்!" முகமெல்லாம் மலர்ச்சி. ஆறு மாசத்தில் அவர் சிரித்ததே அப்போதுதான் என்று நினைக்கிறேன். "நீங்கதானே சொன்னீங்க? எட்டு வருஷம் இருக்கும். இந்த ஓட்டை தூந்துபோகாம பாத்துக்குங்க, எனக்கு வேலை சுலபமா இருக்கும்னு. மாசம் ஒரு தடவை பழைய ஸ்பிரிங் கம்பி விட்டு நோண்டிடுவேன். மழைக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை. உங்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாதுல்ல?"

கம்பி சாருக்கு ஞாபகம் இருந்தது. சொன்னது மட்டுமா, போன வருஷம் தோளில் தட்டி, "உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா என் வேலை பாதி குறையும்" என்று பாராட்டு வேறு. உடம்பு கூசியது. மேட்டுக்குள் தண்ணீர் இறங்கின வழியிலேயே தானும் இறங்கி மறைந்துவிடலாம் போல இருந்தது.

சரி, அப்போதே உண்மையைச் சொன்னாரா? அதுதான் இல்லை! முப்பது வருஷக் கறார் மனுஷன், வாயில் என்ன வந்தது தெரியுமா?

"எலி" என்றார். "எலி வளை தோண்டியிருக்கு. அதுவழியாத்தான் தண்ணி இறங்குது." படிவத்திலும் எழுதினார். காரணம்: எலி வளை. எலி பாவம், அது எந்த ஆபீசில் போய் மறுப்பு எழுதிக் கொடுக்கும்? யாருக்கும் பாதகமில்லாத பொய் என்று மனசுக்குள் ஒரு சமாதானம்.

மெக்கானிக் முகம் விழுந்துவிட்டது.

"அய்யய்யோ! அப்ப அதுவும் என் தப்புதான் சார். பூனை ஒண்ணு வளக்கலாம்னு வீட்ல அவ தலைபாடா அடிச்சிக்கிட்டா. நான்தான் வேண்டாம்னுட்டேன், ஒர்க் ஷாப்ல சீட்டையெல்லாம் கிழிச்சிடும்னு. மன்னிச்சுக்குங்க சார். டீச்சரம்மாகிட்டயும் நானே போய் மன்னிப்புக் கேட்டுடறேன்." சொல்லிக்கொண்டே குனிந்து கம்பி சாரின் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் வழிக்கப் போனார்.

கம்பி சார் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்த நிமிஷம் அவருக்கு வந்த அவமானம் அடி வாங்கினால்கூட வந்திருக்காது. எந்தப் பொய்யைச் சொன்னாலும் இந்த மனுஷன் அதை எடுத்துத் தன் தலையில் கட்டிக்கொள்வான். இடி விழுந்தது என்று சொன்னால், இடிதாங்கி வைக்காதது என் தப்பு என்பான்.

"வாங்க, உள்ள போய்ப் பேசுவோம்" என்றார்.

முன்னறையில் நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு, கையில் துணியோடு நிமிர்ந்து பார்த்தார். கம்பி சார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எலி இல்ல. மரமும் இல்ல. அந்த ஒம்பது ஓட்டைதான். நான் குத்தின ஓட்டை. குத்தினதும் களிமண் வச்சு அடைக்கணும், நான் அடைக்கல. அடைஞ்சுபோகாம பாத்துக்கச் சொன்னதும் நான்தான். மழைத்தண்ணி அதுவழியா இறங்குது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

மெக்கானிக் சிரித்தார். சிரித்து, "சார், சார்" என்று கிட்டே வந்தார். "எங்களைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னு நீங்க பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிறீங்க. வேண்டாம் சார். உங்க மனசு யாருக்கு வரும்? உங்க வேலைக்கே ஆபத்து. நாங்க எப்படியோ சமாளிச்சுக்கறோம், பரவாயில்ல சார்."

அட கடவுளே! பொய்யை நம்பின மனுஷன் உண்மையை நம்ப மாட்டேன் என்கிறாரே! கம்பி சாருக்கு அழுவதா ஓடுவதா என்று தெரியவில்லை. "இல்லீங்க, நிஜமாத்தான் சொல்றேன். வாளித் தண்ணி ஊத்திப் பாத்தேன். நீங்க சோப்பு எடுக்கப் போனப்ப" என்று, போலீசில் வாக்குமூலம் கொடுக்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொல்லச் சொல்ல மெக்கானிக் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், நம்பாமல்.

"அவர் உண்மையத்தாங்க சொல்றாரு" என்றார் தையல்காரம்மா. கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு எழுந்து, மெஷின் இழுப்பறையைத் திறந்து, அளவு டேப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது என்னோட டேப். அந்த எலுமிச்சையை நடறப்ப இவர் இதை வாங்கிட்டுப் போய் அளந்தாரு. மேட்டு விளிம்புலேர்ந்து பத்தடி தள்ளி நடலாம்னு உங்க ஆபீஸ் நோட்டீஸ்லயே போட்டிருக்கு. பன்னெண்டடி தள்ளித்தான் நட்டாரு. டேப்பு பத்தலைன்னு ரெண்டு தடவை மாத்தி மாத்தி வச்சு அளந்தாரு, நான் பக்கத்துல நின்னேன். அன்னைக்கு நீங்க அளந்தீங்களா?"

கம்பி சார் கையிலிருந்த படிவத்தைச் சுருட்டினார்.

"அளக்கவே இல்ல. அளந்தேன்னு சொல்லுங்கன்னு நான் எவ்வளவோ சொன்னேன் இவர்கிட்ட. சார் சொன்னா சரியாத்தான் இருக்கும், நம்ம டேப்பு தப்பா இருக்கும்னுட்டாரு. இருபது வருஷமா இந்த டேப்புலதான் தெருவுக்கே துணி தைக்கிறேன்."

மெக்கானிக்கின் தலையாட்டல் அப்போதுதான் நின்றது. டேப்பைப் பார்த்தார், கம்பி சாரைப் பார்த்தார், மறுபடி டேப்பைப் பார்த்தார்.

கம்பி சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'எலி வளை'யை அடித்துவிட்டு எழுதினார். 'காரணம்: சோதனை ஓட்டைகளைச் சோதனையாளர் அடைக்காதது. போன தடவை எழுதிய காரணமும் தவறு.' கையெழுத்து அவ்வளவு அழகாக இல்லை. எழுதியதைத் தையல்காரம்மாவிடம் நீட்டினார். அவர் முழுக்கப் படித்தார்.

"தாள்ல எழுதறது சரி. மரத்தைப் பத்திச் சொன்னப்ப தெருவுல நின்னுதானே சொன்னீங்க? இதையும் அங்கயே போய்ச் சொல்லுங்க. அதே சத்தத்துல."

மணி பதினொன்று. வாசலில் டீச்சரம்மாவும் எட்டு ஒன்பது பேரும் நின்றார்கள். கம்பி சார் படியிறங்கிப் போய், போன தடவை நின்ற அதே இடத்தில் நின்றார். இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். 'கேட்டியாய்யா நீ' என்று அன்றைக்கு எப்படித்தான் அவ்வளவு சுலபமாக வந்ததோ!

"என்ன சார், நின்னுதா நிக்கலையா?" என்றார் டீச்சரம்மா. "சாம்பல்காரர் இந்தத் தடவை என்ன பண்ணி வச்சிருக்கார்?"

"அவர் ஒண்ணும் பண்ணல" என்றார் கம்பி சார். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. தையல்காரம்மா வாசற்படியில் நிற்பது தெரிந்தது. குரலை உயர்த்தினார். "மெக்கானிக் ஒண்ணும் பண்ணலங்க! மரத்தால கசியல. என்னாலதான் கசிஞ்சுது. நான் கம்பி குத்தின ஓட்டையை அடைக்காம விட்டுட்டேன். அன்னைக்கு இவரை நிக்க வச்சு நான் பேசினது அத்தனையும் பொய். வீட்டை யாரும் காலி பண்ண வேண்டாம், எங்க ஆபீஸ்தான் சரிபண்ணித் தரணும். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டீச்சரம்மா கையிலிருந்த குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டார். "ஆறு மாசமா நான் இந்தத் தம்பி முகத்தைக்கூடப் பாக்கலையே" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

மெக்கானிக் ஒர்க் ஷாப் தூணோரம் நின்றார். கம்பி சார் அவரிடம் போனார். கம்பியைச் சுவரில் சாய்த்தார், இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார்.

எல்லாரும் மெக்கானிக்கின் வாயையே பார்த்தார்கள். அந்த வார்த்தை இதோ வந்துவிடும் என்று தெருவுக்கே தெரியும், பதினோரு வருஷமாகக் கேட்கிற வார்த்தை. கம்பி சாரும் கும்பிட்ட கையை இறக்காமல் அதற்காகத்தான் காத்திருந்தார்.

மெக்கானிக் பழைய துணியை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அவசரமே இல்லை.

"அன்னைக்கு மரத்தை வெட்டறப்ப அதுல நாலு பிஞ்சு இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.